மலையிலிருந்து வெளிநாட்டுப் படிப்புக்கு: எந்தக் காகிதம் முதலில், எது கடைசியில்

நீலகிரியிலிருந்து வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளிடம் ஆவணம் இல்லை என்பது அரிது. கோப்பு தடிமனாகவே இருக்கும். ஆனால் ஒரு காகிதத்தில் உள்ள பெயர் இன்னொன்றில் வேறு மாதிரி இருக்கும். வங்கி அறிக்கை சரியாக இருக்கும், தேதி கடந்திருக்கும். கடன் கேட்கப் போன பிறகுதான் பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருப்பது தெரியவரும். ஒன்றை முடித்தால்தான் அடுத்தது என்ற வரிசையைத் தவறவிடுவதால்தான் பெரும்பாலான தாமதங்கள் வருகின்றன.

சமவெளியில் இருப்பவர் ஒரு நகலை மறந்தால் ஆட்டோ பிடித்துத் திரும்பி வந்து எடுத்துச் செல்வார். கோத்தகிரிக்காரருக்கோ பந்தலூர்க்காரருக்கோ அந்த மறதியின் விலை ஒரு முழு நாள். அதனால் இந்த வழிகாட்டி வரிசையைத்தான் அழுத்திச் சொல்கிறது. செப்டம்பரில் வகுப்பு தொடங்குகிறது என்றால், முந்தைய ஆண்டு ஆகஸ்டுக்குள் முதல் படியைத் தொடங்கிவிடுங்கள்.

1. பெயரையும் பிறந்த தேதியையும் ஒன்றாக்குங்கள்

பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், ஆதார், பான் அட்டை, பெற்றோர் இருவரின் ஆதார் ஆகியவற்றை மேசையில் பரப்புங்கள். ஒவ்வொன்றிலும் உங்கள் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த தேதி எப்படி அச்சாகியிருக்கிறது என்று ஆங்கில எழுத்து எழுத்தாக ஒரு நோட்டில் எழுதுங்கள். கண்ணால் பார்த்து 'எல்லாம் ஒன்றுதான்' என்று முடிவு செய்யாதீர்கள். எழுதினால்தான் வேறுபாடு தெரியும்.

வேறுபாடு இருந்தால் எதை மாற்றுவது? பத்தாம் வகுப்புப் பட்டியலை நங்கூரமாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு இணங்க மாற்றுங்கள். ஆதாரையும் பானையும் திருத்துவது எளிது. மதிப்பெண் பட்டியலைத் திருத்தப் பள்ளி வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககம் வரை போக வேண்டும், அதற்கு மாதங்கள் ஆகும். பலர் ஆதாரில் உள்ளதே உண்மை என்று நினைத்து இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

தலையெழுத்து தனிச் சிக்கல். நமக்கு 'போ. சரவணன்' என்றால் போதும். பாஸ்போர்ட்டில் அந்த எழுத்தை, அதாவது அப்பாவின் பெயரான 'போஜன்' என்பதை, விரித்து எழுத வேண்டும். அந்தப் போஜனை ஆங்கிலத்தில் 'எச்' சேர்த்து எழுதுவதா, சேர்க்காமல் எழுதுவதா? ஜோகிக்கு, பெள்ளிக்கு, நஞ்சனுக்கு என்ன எழுத்துகள்? அப்பாவின் ஆதாரில் உள்ளபடியே எழுதுங்கள். அப்பாவின் ஆதாரும் பானும் முரண்பட்டால் முதலில் அவற்றைச் சரிசெய்யுங்கள், ஏனெனில் வங்கிக் கணக்கும் நிலமும் அவர் பெயரில்தான் இருக்கப்போகின்றன.

வேறுபாடு ஓரெழுத்து என்றால் நோட்டரி முன் எழுதிய உறுதிமொழிப் பத்திரம் பல இடங்களில் போதும். பெயரே வேறு என்றால் தமிழ்நாடு அரசிதழில் வெளியிடுவதுதான் வழி. அதற்கும் காலம் பிடிக்கும்.

முகவரிக்காக இவ்வளவு கவலைப்பட வேண்டாம். ஒரு சான்றில் ஊட்டி, இன்னொன்றில் உதகமண்டலம், பழைய பத்திரத்தில் ஊட்டகமண்ட் என்று இருப்பதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை. இனி நிரப்பும் எல்லாப் படிவங்களிலும் ஒரே எழுத்துக்கூட்டலைப் பயன்படுத்தினால் போதும்.

பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரே இல்லாமல் 'ஆண்', 'பெண்' என்று மட்டும் இருப்பது தோட்டப் பகுதிகளில் சாதாரணம். பிறப்பைப் பதிவு செய்த நகராட்சியிலோ பேரூராட்சியிலோ, கிராமமானால் கிராம நிர்வாக அலுவலரிடமோ பெயர் சேர்க்க இப்போதே கேளுங்கள். பாஸ்போர்ட்டுக்குப் பத்தாம் வகுப்புப் பட்டியல் போதுமே என்று இதை விட்டுவிடுவார்கள். பெற்றோர் பணத்தைக் காட்டிப் பிரிட்டனுக்கு விண்ணப்பிக்கும்போது அவர் உங்கள் பெற்றோர் என்று நிறுவும் முதன்மைக் காகிதம் இதுதான்.

2. பாஸ்போர்ட்

இது முடியாமல் அடுத்த எதுவும் நகராது. ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு அடையாளச் சான்று பாஸ்போர்ட்தான். பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதம், ஜெர்மனிக்கான முடக்கக் கணக்கு (வாழ்க்கைச் செலவுப் பணத்தைப் போட்டு மாதாமாதம் மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு), விசாப் படிவம் எல்லாவற்றிலும் அதன் எண் ஏறுகிறது.

நீலகிரி மாவட்டம் கோவை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. பெரியவர்களுக்கான 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். தத்காலுக்கு மேலும் 2,000 ரூபாய். ஓராண்டு கையில் இருக்கும்போது தத்கால் தேவையில்லை.

குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். உங்கள் பெயரைப் பெயர்க் கட்டத்திலும் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்திலும் எழுதுங்கள். இரண்டையும் ஒரே கட்டத்தில் அடைத்தால், அமெரிக்க விசாவில் உங்கள் முழுப்பெயரும் குடும்பப் பெயராகிவிடும். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ', அதாவது 'பெயர் தெரியவில்லை' என்று அச்சாகும். அங்கே வங்கிக் கணக்கிலும் ஓட்டுநர் உரிமத்திலும் அதே பெயரோடு அலைய வேண்டியிருக்கும்.

கோவையில் விடுதியில் படித்துக்கொண்டே ஊர் முகவரியைக் கொடுப்பவர்கள் இடறுவது போலீஸ் விசாரணையில். காவலர் வரும்போது ஆள் இல்லை என்றால் 'இந்த முகவரியில் வசிக்கவில்லை' என்று அறிக்கை போகலாம். நீண்ட விடுமுறையில் விண்ணப்பித்து, விசாரணை முடியும்வரை ஊரிலேயே இருங்கள்.

இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. 2004 டிசம்பர் 3 முதல் இந்தியாவில் பிறந்தவர்களின் குடியுரிமை, பெற்றோரின் குடியுரிமையையும் சார்ந்தது. 1964 ஒப்பந்தத்தின்படி வந்த தாத்தா பாட்டியின் பழைய இந்தியப் பாஸ்போர்ட், குடும்ப அட்டை போன்றவை டிரங்குப் பெட்டியில் மக்கிக்கொண்டிருந்தால் எடுத்து ஸ்கேன் செய்து வையுங்கள். கேட்காமலும் போகலாம். கேட்டால் அவற்றுக்கு மாற்று கிடையாது.

3. கல்விச் சான்றுகள்

உங்கள் கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது என்று பாருங்கள். ஊட்டி அரசு கலைக் கல்லூரி, குன்னூர் பிராவிடன்ஸ் போன்ற கலை அறிவியல் கல்லூரிகள் என்றால் கோவை பாரதியார் பல்கலைக்கழகம். கேத்தியில் பொறியியல் படித்தவர்கள் என்றால் சென்னை அண்ணா பல்கலைக்கழகம். டிரான்ஸ்கிரிப்ட், அதாவது எல்லாப் பருவ மதிப்பெண்களும் அடங்கிய அதிகாரப்பூர்வப் பட்டியல், அங்கிருந்துதான் வர வேண்டும். கல்லூரி அலுவலகம் அடித்துத் தரும் மதிப்பெண் சுருக்கம் எல்லா இடத்திலும் செல்லாது.

டிரான்ஸ்கிரிப்ட் முத்திரையிட்ட உறையில் கேட்டால், தேவைக்கு மேல் இரண்டு உறைகள் சேர்த்து வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் ஆவலோடு பிரித்துப் பார்ப்பது அடிக்கடி நடக்கிறது. முத்திரை உடைந்த உறைக்கு மதிப்பில்லை. உங்கள் பார்வைக்குத் தனியாக ஒரு படி வாங்கிக்கொள்ளுங்கள்.

அரியர் வைத்துத் தேறியிருந்தால் அந்தப் பருவத்தின் பழைய பட்டியலையும் வைத்திருங்கள். அதை ஒளிப்பதால் பயன் இல்லை, டிரான்ஸ்கிரிப்ட்டில் வந்துவிடும்.

ஆவணம் வெளிநாட்டிலும் செல்லும் என்று அரசு இடும் அப்போஸ்டில் முத்திரைக்கு ஏஜென்ட்டுகள் எல்லாரையும் துரத்துகிறார்கள். பல்கலைக்கழகமோ தூதரகமோ எழுத்தில் கேட்டாலொழிய அதற்குச் செலவழிக்காதீர்கள். அமெரிக்க, பிரிட்டன் மாணவர் விசாக்களுக்குப் பொதுவாக அது வேண்டியதில்லை. ஜெர்மனி இந்திய அப்போஸ்டிலை ஏற்பதே இல்லை. அந்த நாட்டுக்கு வேண்டியது உங்கள் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ், அது ஏழாவது படியில் வருகிறது.

ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள் கல்லூரி மின்னஞ்சல் முகவரியிலிருந்து போவது நல்லது. ஓய்வுபெறப்போகும் பேராசிரியரிடம் முதலில் கேளுங்கள்.

4. பணம்: எவ்வளவு, யாருடையது, எத்தனை நாளாக

விசா அலுவலர் பணத்தைப் பற்றிக் கேட்பவை இந்த மூன்று கேள்விகளே. நம்மவர்கள் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள்.

எவ்வளவு? பிரிட்டனுக்கு முதலாண்டுக் கட்டணத்தின் மீதியோடு, ஒன்பது மாதம் வரையிலான வாழ்க்கைச் செலவைக் காட்ட வேண்டும். 2025 நவம்பர் 11 முதல் லண்டனுக்கு மாதம் 1,529 பவுண்டு, வெளியே 1,171 பவுண்டு. கனடாவுக்கு 2025 செப்டம்பர் 1 முதல், கட்டணமும் பயணச் செலவும் நீங்கலாக, தனி மாணவருக்கு 22,895 கனடா டாலர். ஜெர்மனிக்கு 2024 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 11,904 யூரோ, அதைப் பெரும்பாலும் முடக்கக் கணக்கில் போடுவார்கள். அமெரிக்காவுக்குப் பொதுத்தொகை இல்லை, சேர்க்கை பெற்றதும் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் அச்சிட்டிருக்கும் தொகையே கணக்கு. இந்தத் தொகைகள் அவ்வப்போது உயர்கின்றன. விண்ணப்பிக்கும் வாரத்தில் அரசு இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாருடையது? பிரிட்டனுக்கு உங்கள் கணக்கிலோ பெற்றோர் கணக்கிலோ இருக்க வேண்டும். பெங்களூரில் வேலை பார்க்கும் மாமாவோ, வசதியான பெரியப்பாவோ தம் கணக்கைக் காட்டி உதவ முடியாது. அவர்கள் உதவுவதானால் பணத்தை முன்கூட்டியே அப்பா கணக்குக்கு மாற்ற வேண்டும். பெற்றோர் கணக்கு என்றால் பிறப்புச் சான்றிதழும் அவர்கள் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் சேர வேண்டும். அமெரிக்கா உறவினரின் பொறுப்பேற்பை ஏற்கும். ஆனால் அவர் ஏன் உங்களுக்குச் செலவழிக்கிறார் என்பதற்கு நம்பும்படியான விடை வேண்டும்.

எத்தனை நாளாக? பிரிட்டனில் விதி கறார். தொடர்ந்து 28 நாள் அந்தத் தொகை கணக்கில் இருக்க வேண்டும். அந்த 28-வது நாள் விண்ணப்பத் தேதிக்கு முந்தைய 31 நாட்களுக்குள் விழ வேண்டும். இடையில் ஒரே ஒரு நாள் ஒரு ரூபாய் குறைந்தாலும் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். உரத்துக்கும் கூலிக்கும் பணம் எடுக்கும் அதே கணக்கில் இதை வைத்தால் குறையத்தான் செய்யும். தனிக் கணக்கில் வைத்து, அதன் ஏடிஎம் அட்டையைப் பூட்டி வையுங்கள். பவுண்டு மதிப்பு ஏறி இறங்கும் என்பதால் பத்து விழுக்காடு கூடுதலாக இருக்கட்டும்.

மலையில் வரும் தனிச் சிக்கல் வருமானத்தை நிறுவுவது. பசுந்தேயிலையோ கேரட்டோ விற்று வாழும் குடும்பத்துக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லாததால் பலர் ரிட்டர்ன் தாக்கல் செய்ததே இல்லை. பணம் இருக்கும், அது எங்கிருந்து வந்தது என்று சொல்லும் காகிதம் இருக்காது. கனடா, அமெரிக்க அலுவலர்கள் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான்.

இதற்கான வேலையை ஓராண்டுக்கு முன்பே தொடங்குங்கள். தொழிற்சாலை தரும் மாதாந்திர இலைக் கணக்கு, கூட்டுறவுத் தொழிற்சாலை உறுப்பினர் புத்தகம், தேயிலை வாரியம் சிறு விவசாயிகளுக்குத் தரும் அடையாள அட்டை, மேட்டுப்பாளையம் மண்டிகளின் விற்பனைச் சீட்டுகள் ஆகியவற்றை மாதவாரியாக அடுக்குங்கள். மண்டிப் பணத்தை ரொக்கமாக வாங்காமல் கணக்கில் போடச் சொல்லுங்கள். விவசாய வருமானத்தைக் காட்டி ரிட்டர்ன் தாக்கல் செய்யுங்கள். தாசில்தாரின் வருமானச் சான்றை இ-சேவை மையம் வழியாக வாங்கும்போது, அதில் உள்ள தொகை மற்றக் காகிதங்களோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். உதவித்தொகைக்காக 72,000 ரூபாய் என்று சான்று வாங்கிவிட்டு, விசாவுக்கு ஆண்டு வருமானம் பத்து லட்சம் என்று எழுதினால் இரண்டில் ஒன்று பொய்யாகிவிடும்.

ஆடிட்டர் தரும் சொத்து மதிப்புச் சான்றில், அதை இணையத்தில் சரிபார்க்க உதவும் யுடிஐஎன் எண் இருக்க வேண்டும். அந்த எண் இல்லாத சான்று 2019-க்குப் பிறகு வெறும் தாள். சொத்து மதிப்பு பின்னணிக்கு உதவும், ஆனால் நகையும் நிலமும் கையிருப்புப் பணமாகக் கணக்கில் வராது.

'பணம் காட்டித் தருகிறோம்' என்று சொல்பவர்களிடம் போகாதீர்கள். வட்டிக்குப் பணம் போட்டு எடுப்பது, போலி வங்கி அறிக்கை தயாரிப்பது இரண்டும் இந்தத் தொழிலில் சாதாரணமாக நடக்கின்றன. போலி ஆவணம் பிடிபட்டால் கனடாவில் ஐந்தாண்டுத் தடை, பிரிட்டனில் பத்தாண்டு வரை. தடை ஏஜென்ட்டுக்கு இல்லை, உங்கள் பெயருக்கு.

5. கல்விக் கடன்

சேர்க்கைக் கடிதம் வந்த பிறகுதான் கடன் அனுமதியாகும். ஆனால் அடமானச் சொத்தின் காகிதங்களை அதற்கு முன்பே தயார் செய்ய வேண்டும், ஏனெனில் மலையில் தாமதம் அங்கேதான்.

அரசு வங்கிகள் பொதுவாக ஏழரை லட்சத்துக்கு மேல் அடமானம் கேட்கும். தேர்ந்தெடுத்த பெரிய பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் சில வங்கிகள் தளர்வு தரும். வெளிநாட்டுப் படிப்புக்கு மொத்தச் செலவில் சுமார் 15 விழுக்காட்டை நீங்கள் போட வேண்டியிருக்கும்.

ஹட்டிகளில், அதாவது படகர் ஊர்களில், தேயிலை நிலம் பெரும்பாலும் கூட்டுப் பட்டாவில், தாத்தா பெயரிலேயே கிடக்கிறது. பங்காளிகள் அனைவரும் கையெழுத்திட்டுப் பாகம் பிரித்து, நில அளவை முடித்து, தனிப்பட்டா பெற வேண்டும். ஒரு சித்தப்பா திருப்பூரில் இருந்தால் அவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். கூடலூர், பந்தலூரில் நிலை இன்னும் கடினம். அந்தப் பகுதியின் பழைய ஜென்மி நிலவுடைமையை ஒழித்த 1969 ஜென்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17-வது பிரிவில் சிக்கிய நிலத்துக்குப் பட்டா இல்லை. எத்தனை ஏக்கர் அனுபவத்தில் இருந்தாலும் வங்கி அதை அடமானமாக ஏற்காது. அந்த நிலத்தை நம்பிக் கணக்குப் போடாமல், உறவினரின் வேறு சொத்து, வைப்புத்தொகை, அடமானமில்லாக் கடன் என்று பாருங்கள். கட்டட அனுமதி இல்லாமல் கட்டிய வீட்டுக்கும் இதே கதிதான்.

ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் கடனுக்கு முன் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டத்தையும், மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையையும் பாருங்கள். தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் கிடைப்பதே நெடிய வேலையாகிவிடுவதுண்டு. பாஸ்போர்ட்டோடு சேர்த்தே அதற்கும் விண்ணப்பியுங்கள்.

கடன் அனுமதிக் கடிதத்தில் மாணவர் பெயர், தொகை, தேதி, படிப்பு, பல்கலைக்கழகம் எல்லாம் இருக்கட்டும். பிரிட்டனுக்கு அது விண்ணப்பத் தேதிக்கு ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். ஒரு ஆறுதல், கல்விக் கடனுக்கு 28 நாள் விதி இல்லை. இன்னொன்று, 2025 ஏப்ரல் முதல் வங்கிக் கல்விக் கடனிலிருந்து வெளிநாடு செல்லும் பணத்துக்கு டிசிஎஸ் (அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் வரி) பிடிப்பதில்லை.

6. மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் உங்களுடையதாக இருக்கட்டும்

சிறிய படி, ஆனால் தனித் தலைப்புக்குத் தகுதியானது. கன்சல்டன்சிகள் தங்கள் மின்னஞ்சலில் உங்கள் கணக்கைத் திறப்பார்கள். பிறகு அவர்களோடு மனக்கசப்பு வந்தால், பல்கலைக்கழகத்தின் கடிதங்களும் கடவுச்சொல்லும் அவர்களிடம் மாட்டிக்கொள்ளும். அவர்கள் நிரப்பிய படிவத்தை நீங்கள் படிக்காமலேயே அது சமர்ப்பிக்கப்படும். அதில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் சட்டப்படி பொறுப்பு நீங்கள்தான்.

7. நாட்டுக்கு நாடு வரிசை மாறும்

அமெரிக்கா: ஐ-20 வந்ததும் 350 டாலர் செவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவேடு) கட்டணம், பிறகு டிஎஸ்-160 என்ற இணைய விசா விண்ணப்பப் படிவம், பிறகு 185 டாலர் விசாக் கட்டணம், கைரேகை, நேர்காணல். டிஎஸ்-160-இல் ஐந்தாண்டுகளாக நீங்கள் பயன்படுத்திய சமூக ஊடகப் பெயர்களை எழுத வேண்டும். 2025 ஜூனிலிருந்து மாணவர்கள் அந்தக் கணக்குகளைப் பொதுப்பார்வைக்குத் திறந்து வைக்கவும் வேண்டும். நேர்காணலுக்குப் பதிவு செய்த டிஎஸ்-160 எண்ணும் கையில் கொண்டுபோகும் தாளின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பிழை திருத்தப் புதுப் படிவம் நிரப்பிவிட்டு எண்ணை மாற்ற மறப்பவர்கள் உண்டு. நேர்காணலில் கோப்பைத் திறக்கச் சொல்வதே குறைவு. ஏன் இந்தப் படிப்பு, யார் செலவழிக்கிறார், பிறகு என்ன என்று உங்கள் சொற்களில் இரண்டு வரியில் சொல்லப் பழகுங்கள். மனப்பாடம் செய்த விடை உடனே தெரிந்துவிடும்.

பிரிட்டன்: சேர்க்கையை உறுதிசெய்து பல்கலைக்கழகம் தரும் காஸ் எண், காசநோய்ப் பரிசோதனைச் சான்று, பணம், பிறகு விண்ணப்பம். காசநோய்ச் சான்று ஆறு மாதம்தான் செல்லும், அதுவும் பிரிட்டன் அங்கீகரித்த மையத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். ஊட்டியில் எடுத்த எக்ஸ்ரே செல்லாது. படிப்பு தொடங்க ஆறு மாதத்துக்கு முன்னதாக விண்ணப்பிக்க முடியாது. விசாக் கட்டணம் தவிர, ஆண்டுக்கு 776 பவுண்டு சுகாதாரக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்ட வேண்டும். பட்ஜெட்டில் இதை மறந்துவிட்டுக் கடைசி நாளில் கடன் வாங்குகிறார்கள்.

கனடா: சேர்க்கைக் கடிதத்தோடு, படிக்கப்போகும் மாகாண அரசின் உறுதிக் கடிதமும் வேண்டும். 2026 ஜனவரி 1 முதல், அரசுக் கல்வி நிறுவனங்களில் முதுகலை, முனைவர் படிப்புக்குச் செல்பவர்களுக்கு அதிலிருந்து விலக்கு. விரைவு வழியாக இருந்த எஸ்டிஎஸ் 2024 நவம்பர் 8-இல் நின்றுவிட்டது. இன்னும் அதைச் சொல்லி விற்பவரை நம்பாதீர்கள்.

ஜெர்மனி: 2022 நவம்பர் முதல் ஏபிஎஸ் சான்றிதழ் இல்லாமல் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது. கட்டணம் 18,000 ரூபாய். இதை விசாவின் ஒரு பகுதி என்று நினைத்து இறுதியில் வைக்கிறார்கள். பல்கலைக்கழகங்களே சேர்க்கைக்கு அதைக் கேட்பதால், டிரான்ஸ்கிரிப்ட் கைக்கு வந்த வாரமே விண்ணப்பியுங்கள்.

8. மலை இறங்கும் நாளைத் திட்டமிடுங்கள்

நேர்காணலும் கைரேகையும் பெரும்பாலும் சென்னையில் இருக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து இரவில் புறப்படும் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலையில் சென்னை சேர்க்கும். ஆனால் அன்று காலை ஒன்பது மணிக்கு நேரம் வாங்காதீர்கள். முந்தைய நாளே போய்த் தங்குங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் சீசன் நெரிசல். குன்னூர் வழியே ஏறவும் கோத்தகிரி வழியே இறங்கவும் என்று ஒருவழியாக்கும் நாட்கள் உண்டு. ஜூன் முதல் ஆகஸ்டு வரை கூடலூர், பந்தலூர் பக்கம் மழை. அக்டோபர், நவம்பரில் மலைப்பாதைகளில் மண் சரிவு. வகுப்பு தொடங்கும் மாதங்களுக்கு முந்தைய விசா நெரிசலும் இதே காலங்களில்தான் வரும். கூடலூரிலிருந்து பெங்களூர் போகிறவர்கள் பந்திப்பூர்ச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

புகைப்பட அளவு நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவுக்கு 51 மில்லிமீட்டர் சதுரம், கண்ணாடி கூடாது. 'பாஸ்போர்ட் சைஸ்' என்று மட்டும் சொன்னால் ஸ்டுடியோவில் இந்திய அளவைத்தான் தருவார்கள்.

9. விசா வந்த பிறகு

கையில் வாங்கியவுடன் பெயர், பாஸ்போர்ட் எண், செல்லுபடித் தேதிகளைச் சரிபாருங்கள். பிழை இருந்தால் அந்த வாரமே எழுதுங்கள், பயணத்துக்கு முதல் நாள் அல்ல. அமெரிக்காவுக்குப் படிப்பு தொடங்க 30 நாட்களுக்கு முன்னதாக நுழைய முடியாது, டிக்கெட் எடுக்கும்போது ஐ-20 தேதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டன் விசா மின்விசா என்பதால், அதன் கணக்கில் பாஸ்போர்ட்டை இணைத்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும்.

அசல்கள் எல்லாம் கைப்பையில். சரக்குப் பெட்டியில் ஒன்றும் வேண்டாம். ஸ்கேன் படிகளின் ஒரு தொகுப்பை வீட்டில் விட்டுச் செல்லுங்கள், கடன் தவணைக்காக வங்கி அப்பாவிடம்தான் காகிதம் கேட்கும். மழை மாதமானால் விமானத்துக்கு முந்தைய நாளே சமவெளிக்கு இறங்கிவிடுங்கள்.